பி.பி.க்குள் காவிரித் தண்ணீர்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் எம்டிபியை, அதாவது மலை சைக்கிளை, வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் நாலு புல்லட், ஒரு டிராக்டர். என் முறை வந்ததும் அங்கே இருந்த பையன் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தான். "இதுக்கு முப்பது ரூபா குடுங்கண்ணே, போதும்" என்றவன், டிராக்டர் சக்கரத்துக்கு அடித்த அதே பிரஷர் கன்னை எடுத்து, பெடலைத் தாங்குகிற கிராங்க் இடுக்கு, சக்கர நடுவிலுள்ள ஹப், சீட் கம்பி இறங்குகிற இடம் என்று ஒன்று விடாமல் அடித்தான். நான்தான் பக்கத்தில் நின்று, "இங்க இன்னும் கொஞ்சம் சேறு இருக்கு பாரு" என்று காட்டிக்கொடுத்தேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சுண்டலும் சாப்பிட்டாயிற்று. தலைப்பில் உள்ள பி.பி. ரத்த அழுத்தம் இல்லை, பாட்டம் பிராக்கெட்: இரண்டு கிராங்குக்கும் நடுவில் ஃபிரேமுக்குள் இருக்கிற அச்சும் பேரிங்கும். அந்த முப்பது ரூபாய் தை மாதம் வரை என்னை எப்படி அலைக்கழித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மன்னார்குடியில் மலை கிடையாது. மலையில்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். பாமணியாற்றுக் கரையில் ஏறி, நீடாமங்கலம் மூணாறு தலைப்புவரை போய்த் திரும்புவதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். ஷட்டரில் தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். கரையில் பாதி கப்பி, பாதி மண். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், டிராக்டர் தடத்தில் களி டயரோடு உருண்டு வந்து ஃபிரேமில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. ஜனவரி 28-இல் அணை மூடுகிறவரைக்கும் வண்டி ஈரத்திலேயேதான் கிடக்கும். ஏற்றம் என்று எங்களுக்கு இருப்பது ஆடிக் காற்று ஒன்றுதான்.

வண்டி ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அலுமினிய ஃபிரேம், 27.5 இஞ்ச் சக்கரம், முன்னால் 100 மி.மீ. ஸ்பிரிங் ஃபோர்க், மூன்றுக்கு எட்டு கியர், கேபிளில் இழுக்கிற டிஸ்க் பிரேக்.

கார்த்திகையில் சத்தம் ஆரம்பித்தது. வலது காலை அழுத்தும்போது 'டொக்'. ஒரு சுற்றுக்கு ஒரு டொக். கூட வந்த நண்பன், "என்ன மாப்ள, உன் வண்டியில பல்லி சொல்லுது?" என்றான். எங்கள் கூட்டத்தில் நாலு பேர். சத்தத்துக்கு நாலு காரணம் சொன்னார்கள். செயின், பெடல், சீட், ஹேண்டில்பார் திரும்புகிற ஹெட்செட். நான் அவசரக் குடுக்கை. அன்று ராத்திரியே புது செயின் ஆர்டர் போட்டேன். அது வந்து சேர்ந்த பிறகுதான் பழைய செயினை அளந்து பார்த்தேன்.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை, ஸ்டீல் டேப் போதும். தையல் டேப் வேண்டாம், அது நீளும். டேப்பின் முனைக் கொக்கி ஆடும் என்பதால் தச்சர்கள் செய்வதுபோல 1 இஞ்ச் கோட்டிலிருந்து தொடங்கவேண்டும். செயினை இறுக்கமாக வைத்து ஒரு பின்னின் நடுவை 1-இல் வைத்தால், 24 கண்ணி தள்ளி வருகிற பின்னின் நடு 13-இல் நிற்கவேண்டும். புது செயின் அப்படித்தான் நிற்கும், ஏனென்றால் பின்னுக்குப் பின் அரை இஞ்ச். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒன்றில் பதினாறு பங்கு இஞ்ச் போயிருந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. ஒன்றில் எட்டு பங்கு என்றால் ஒரு சதவீதம், அதற்குள் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். 11, 12 கியர் செயினை அரை சதவீதத்திலேயே மாற்றச் சொல்வார்கள். என்னுடையதுபோல எட்டு கியர் என்றால் முக்கால்வரை தாங்கும். என் செயின் அரையை இப்போதுதான் தாண்டியிருந்தது. புது செயின் அலமாரியில் தூங்குகிறது. வீணாகாது, ஆனாலும் முதலில் அளந்திருக்கலாம்.

அளக்காமலேகூட செயின் மேல் பழி இல்லை என்று கண்டுபிடித்திருக்கலாம். என் செயினில் 112 கண்ணி. ஓட்டும்போது அது கிடக்கிற நடு பல்சக்கரத்தில் 32 பல். ஆக, செயினின் எந்தக் கண்ணியும் மூன்றரை சுற்றுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்கு வரும். ஒரு கண்ணி இறுகி மக்கர் செய்தால் சத்தம் மூன்றரை மிதிக்கு ஒன்றுதான் கேட்கும். ஒவ்வொரு மிதிக்கும் கேட்டால் அது பெடல், கிராங்க், அல்லது நடுவில் இருக்கிற பாட்டம் பிராக்கெட். எழுந்து நின்று மிதித்தேன், அப்போதும் டொக், அதனால் சீட் இல்லை. நண்பனின் பெடலைக் கழற்றி மாட்டினேன், டொக். பல்சக்கர போல்ட்டுகளை 5 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கினேன், டொக். கடைசியில் செயினைப் பல்சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி சீட்டில் காதை வைத்தேன். அம்மியில் கல் உப்பை அரைக்கிற சத்தம் கேட்டது. பிடிபட்டது திருடன்.

பொங்கல் லீவில் கழற்ற உட்கார்ந்தேன். என் வண்டியில் இருப்பது சதுர அச்சு. கிராங்க் போல்ட்டைக் கழற்றியதும் கிராங்க் கையோடு வராது. புல்லர் போட்டுத்தான் இழுக்கவேண்டும். இதில் நான் ஜாக்கிரதை, காரணம் எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கிராங்கின் மரையைத் துடைத்தெடுத்துக் கைகழுவியவர். புல்லரின் வெளி மரை கிராங்குக்குள் முழுசாக இறங்கவேண்டும். நாலு சுற்றோடு விட்டுவிட்டு நடு ஸ்க்ரூவைத் திருகினால், அலுமினிய மரை வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு மரையில் இருக்கிற களியை முதலில் சுரண்டி எடுங்கள். போல்ட்டுக்கு அடியில் வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் எடுங்கள். இரண்டு கிராங்கும் மரியாதையாக வந்தன.

பி.பி.யை இரண்டு பக்கமும் ஃபிரேமோடு முடுக்கி வைத்திருக்கிற வளையம்தான் கப், அதன் உள்ளே 20 பல். அதற்குள் உட்கார்கிற டூல், அதைத் திருப்ப ஒரு ஸ்பானர். இடது கப் சாதாரண மரை, சொன்ன பேச்சு கேட்டது. வலது கப் எதிர் மரை, அதாவது கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். எனக்கு இது தெரியாததில்லை. நினைவு வைத்துக்கொள்ள ஒரு சூத்திரமே வைத்திருந்தேன்: ஸ்பானரை நிமிர்த்தி வை, முன் சக்கரத்துப் பக்கம் தள்ளு. சூத்திரம் சரிதான், வண்டி நேராக நிற்கிறவரைக்கும். நான் வசதிக்காகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். கவிழ்த்தால் முன் சக்கரம் எதிர்ப் பக்கம் போய்விடும், சுற்றுத் திசை மாறாது. இந்தச் சின்ன விஷயம் உறைக்காமல் ஒரு மணி நேரம் முக்கி முக்கி அந்தக் கப்பை இறுக்கியிருக்கிறேன். டூல் இரண்டு தடவை வழுக்கி, விரல் முட்டி ஃபிரேமில் அடித்து ரத்தம். தெருமுனை சைக்கிள் கடை பாயிடம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி, பொங்கலும் அதுவுமா?"

"வலது கப் வரமாட்டேங்குது பாய். ஒரு பைப் கிடைக்குமா?"

குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

காட்டினேன்.

"இறுக்கிக்கிட்டே இருந்திருக்கீங்க. இது லெஃப்ட் மரை தம்பி."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சுமா?" என்றார். அதோடு விட்டுவிட்டார், நல்ல மனுஷன்.

அவர் செய்த முதல் வேலை டூல் வழுக்காமல் பார்த்துக்கொண்டது. டூலைக் கப்பில் உட்காரவைத்து, கிராங்க் போல்ட்டையே ஒரு பெரிய வாஷரோடு டூலின் நடு ஓட்டை வழியாக அச்சில் முடுக்கி, டூல் வெளியே நழுவ முடியாதபடி பிடித்துவைத்தார். ரொம்ப இறுக்கவில்லை, விரலால் முடுக்கி ஒரு சுண்டு. இடுக்கில் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். அடிப்பதற்கு முன் பின் டிஸ்க்கில் நான் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பேடுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அரை மணி நேரம் கழித்து ஸ்பானரில் இரண்டடி தண்ணீர்க் குழாயைச் செருகி, என்னை ஃபிரேமைப் பிடிக்கச் சொல்லி, கடிகாரச் சுற்றில் ஒரே அழுத்து. நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். கப் கழன்றது.

பி.பி.யை வெளியே இழுத்ததும் பின்னாலேயே தண்ணீர் வந்தது. அரை டம்ளர் இருக்கும். சாம்பல் நிறம், அடியில் நைஸான வண்டல். பாய் கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார். "பாமணியாத்துத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஊற்றினார். வலது பேரிங்கின் ரப்பர் சீல் ஓரத்தில் துரு டீ மாதிரி வழிந்திருந்தது. அச்சை விரலால் சுற்றினால் இரண்டு இடத்தில் முட்டி நின்றது. இடது பக்கம் தேவலை.

அச்சையும் பேரிங்கையும் ஒரே உருளைக்குள் மூடி சீல் வைத்த கார்ட்ரிட்ஜ்தானே, எப்படித் தண்ணீர் போனது? நான் நினைத்த மாதிரி வெளியிலிருந்து சீலைத் தாண்டி வந்தது கொஞ்சம்தான். கன்னில் அடித்தது அதைச் செய்திருக்கும். மீதியெல்லாம் மேலிருந்து இறங்கியது. சீட் கம்பியைப் பிடிக்கிற கிளாம்புக்குக் கீழே ஃபிரேமில் ஒரு வெட்டு இருக்கும் பாருங்கள், என் வண்டியில் அது பின் சக்கரத்தைப் பார்த்திருக்கிறது. மட்கார்டு இல்லாத வண்டியில் பின் டயர் வாரியடிக்கிற தண்ணீர் அத்தனையும் நேரே அந்த வெட்டுக்குத்தான் போகும். சீட் குழாய் வழியாக இறங்கி பி.பி. கூட்டில் தங்கிவிடும். ஐப்பசியிலிருந்து மூன்று மாதம் அந்த பேரிங் தண்ணீரிலேயே ஊறியிருக்கிறது. மேலே பளபள, உள்ளே குட்டை.

புதுசு வாங்குமுன் இரண்டு அளவு எடுக்கவேண்டும். ஃபிரேமில் அந்தக் கூட்டின் அகலம் ஒன்று: 68 அல்லது 73 மி.மீ. அச்சின் முழு நீளம் இன்னொன்று. எனக்கு 73, 122.5. அச்சு குட்டையாகிவிட்டால் பல்சக்கரம் ஃபிரேமில் உரசும். நீண்டுவிட்டால் செயின் கோணலாக ஓடும். பாய் கடையில் குண்டு போட்ட செட்டுதான் இருந்தது, காட்டர் பின் அடிக்கிற பழைய வண்டிகளுக்கு. அதனால் ஷிமானோ யுஎன்300 ஆன்லைனில் வரவழைத்தேன். அதைவிட உசத்தியும் இருக்கிறது. என் சவாரிக்கு இது போதும்.

மாட்டும்போது மறுபடி பாயிடம் போகவில்லை, வண்டியையும் கவிழ்க்கவில்லை. கூட்டின் மரையைத் துணியால் துடைத்து, லாரி வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸைத் தாராளமாகப் பூசினேன். தண்ணீரைத் தடுக்க மட்டும் இல்லை, ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி உறவாடிவிட்டால் அடுத்த தடவை பிரிப்பதற்கு பாயின் பைப்கூடப் போதாது. கையாலேயே பாதிக்கு மேல் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். கப்புக்கு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர், கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50. டார்க் ரென்ச் என்னிடம் இல்லை. கணக்கு போட்டேன்: கால் மீட்டர் ஸ்பானரின் முனையில் 16 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர், கிராங்க் போல்ட்டுக்கு அது போதும். தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தை இடுப்புக்குத் தூக்குகிற பலம், அவ்வளவுதான். அச்சின் சதுரத்துக்கு கிரீஸ் வைப்பதா கூடாதா என்று எங்கள் கூட்டத்தில் பட்டிமன்றமே நடக்கும். நான் விரலில் ஒட்டியிருப்பதை மட்டும் ஒரு தடவு தடவினேன். அதைவிட முக்கியம், முதல் சவாரி முடிந்ததும் போல்ட்டைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது. கிராங்க் தளர்ந்தபடியே ஓட்டினால் சதுர ஓட்டை வட்டமாகிவிடும், கிராங்க் குப்பைக்குப் போகும்.

தண்ணீர் திரும்பப் போகாமல் இருக்க இரண்டு வேலை செய்தேன், இரண்டுக்கும் காசு செலவில்லை. பழைய டியூபில் நாலு விரல் நீளம் வளையமாக வெட்டி, சீட் கம்பி வழியாக இறக்கி, கிளாம்பையும் அந்த வெட்டையும் மூடும்படி போட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அப்புறம், கூட்டின் அடியில் கியர் கேபிள் ஓடுகிற பிளாஸ்டிக்கை ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். என் ஃபிரேமில் அந்த ஓட்டை உள்ளேவரை போகிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே நிற்பது வடிந்துவிடும். ஃபிரேமில் புதுசாக ஓட்டை போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பி.பி. கூட்டில் டிரில்லை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கழுவுவது இனி வீட்டில்தான், பக்கெட்டும் குவளையுமாக. களி காய்ந்த பிறகு குச்சியால் தட்டினாலே முக்கால்வாசி உதிர்ந்துவிடும், மீதிக்குத்தான் தண்ணீர்.

இந்தச் சத்தக் கதை தெரிந்ததிலிருந்து வண்டியில் என்ன மாற்றலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஃபோர்க்கில் தொடங்குவார்கள், 120 மி.மீ. போடலாமா, ஏர் ஃபோர்க் போடலாமா என்று. இந்த ஊரில் ஃபோர்க்கில் காசைக் கொட்டாதீர்கள் என்பேன். இங்கே வண்டியைத் தின்பது களியும் தண்ணீரும் உப்பும். கோடியக்கரைக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் துடைக்காமல் வைத்த நண்பரின் ஸ்டீல் வண்டியில் அலுமினிய சீட் கம்பி இறுகியதுதான், இன்றுவரை இறங்கவில்லை. அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்தக் காசில் முழு மட்கார்டு, ஸ்டெயின்லெஸ் கேபிள், முடிச்சுகள் தள்ளித் தள்ளி இருக்கிற டயர் வாங்குங்கள். முடிச்சு நெருக்கமாக இருந்தால் களி நிரம்பி டயர் மொழுமொழுவென்று வழுக்கும்.

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12 கியர் என்று மாற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் பின் சக்கரத்தைப் பாருங்கள். பல்சக்கரக் கொத்தைப் பின்னோக்கிச் சுற்றி, நடுவில் டூல் உட்காரும் பல் வளையத்தைக் கவனியுங்கள். அதுவும் கூடவே சுற்றினால் கேசட். சுற்றாமல் நின்றால் மரையில் ஏற்றிய ஃப்ரீவீல், அதில் கேசட் ஏறாது, சக்கரத்தையே மாற்றவேண்டும். கேசட்டாகவே இருந்தாலும் ஷிமானோவின் 12 கியர் கேசட்டுக்கு அது ஏறி உட்கார்கிற ஹப் பாடி வேறு. எட்டு கியர் செயின் மலிவு, தடிமன், சேற்றைத் தாங்கும். நான் மாறுவதாக இல்லை.

கியர்க்காரர்களுக்கு இன்னொன்று. மாசி பங்குனியில் உளுந்தங்கொடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி மிதித்துத்தான் உளுந்து உதிரவேண்டும். நம் சைக்கிள் ஏறினால் உளுந்து உதிராது, கொடி, செயினைக் கியருக்குக் கியர் தள்ளுகிற பின் டிரெய்லியரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வேகமாக மிதித்துக்கொண்டே போனால் டிரெய்லியர் தொங்குகிற ஹேங்கர் வளைந்து ஸ்போக்ஸுக்குள் போய்விடும். இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். களத்துக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

தை மூன்றாம் ஞாயிறு மூணாறு தலைப்புவரை போய் வந்தேன். டொக் இல்லை. கரையில் இரண்டு பக்கமும் அறுப்பு மெஷின் ஓடி முடித்து வைக்கோல் கிடந்தது. மிதிக்கிற சத்தமே கேட்காததால், மிதிக்காமல் விட்டு உருளும்போது பின் சக்கரத்திலிருந்து ஒரு மெல்லிய 'குறுகுறு' கேட்க ஆரம்பித்தது. வாட்டர் சர்வீஸ் பையன் ஹப்பிலும்தான் அடித்தான். அங்கே சீல் வைத்த கார்ட்ரிட்ஜ்கூடக் கிடையாது, கோனும் குண்டும்தான், பக்கத்துக்கு 9. திரும்பும் வழியில் பாய் கடையில் வண்டியை நிறுத்தி கால் இஞ்ச் குண்டு 18 கேட்டேன். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, "இதுல லெஃப்ட் மரை கிடையாது தம்பி" என்றார்.